ஜேம்ஸ் வெப்பின் முதல் படங்கள்: சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு அதில் என்ன அவ்வளவு சந்தோஷம்?

கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்கள் 2022 ஜூலையில் வந்தபோது, வீட்டில் சின்னத் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கும் ஆட்கள் ஏன் அப்படிக் கொண்டாடினார்கள்? கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பில் எடுத்த படத்துக்கு நிறம் கொடுப்பது ஏமாற்று இல்லையா? இப்படி ஒன்று மேலே இருக்கும்போது சின்னத் தொலைநோக்கிக்கு இனி என்ன வேலை?

பல வருடங்களாக எட்டு அங்குல டாப்சோனியன் ஒன்றை, அதாவது கண்ணாடியால் ஒளி சேர்க்கும் எளிய தொலைநோக்கி ஒன்றை, வைத்துக்கொண்டு வானம் பார்த்துவருகிறேன். அந்தக் கொண்டாட்டத்தில் நானும் இருந்தேன். அதனால் முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன்.

எங்கள் கொண்டாட்டம் ஜூலையில் தொடங்கவில்லை. 2022 பிப்ரவரி 11 அன்று நாசா ஒரு படம் வெளியிட்டது. கறுப்புப் பின்னணியில் பதினெட்டு வெளிச்சப் பொட்டுகள். ஒன்று நசுங்கி, ஒன்று நீண்டு, ஒன்று மூன்று மூலையாக இழுபட்டு, எல்லாம் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. பொதுவாகப் பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமே இல்லாத படம். எங்களுக்கு அதைப் பார்த்ததும் கைகால் ஓடவில்லை. ஏனென்றால் அது என்னவென்று பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. கொலிமேஷன் செய்யாத தொலைநோக்கியில் நட்சத்திரம் அப்படித்தான் இருக்கும்.

கொலிமேஷன் என்றால் கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவது. நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கி (என் டாப்சோனியனும் அந்த வகைதான்) வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு இரவும் செய்கிற முதல் வேலை அது. குழாயின் அடியில் மூன்று திருகுகள் இருக்கும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் குவியத்துக்குச் சற்று வெளியே வைத்து, வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்காரும்வரை திருகைத் தொட்டுத் தொட்டுத் திருப்ப வேண்டும். கால் சுற்று அதிகமானால் எல்லாம் போச்சு. வெப்பின் பிரதானக் கண்ணாடி 6.5 மீட்டர் அகலம். பெரிலியத்தில் செய்து தங்கம் பூசிய 18 அறுகோணத் துண்டுகள். ராக்கெட்டில் மடித்துக் கொண்டுபோய் மேலே விரித்ததால், துண்டுகள் 18 தனித்தனித் தொலைநோக்கிகளாகத்தான் வேலையைத் தொடங்கின. ஒரே நட்சத்திரத்துக்குப் பதினெட்டுப் பிம்பங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஏழு சிறு மோட்டார்கள். ஆறு நகர்த்தவும் சாய்க்கவும், ஒன்று வளைவைச் சரிசெய்யவும். அவை நகரும் ஒரு படி சுமார் 10 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாங்கள் கையால் திருகுவதைப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, மைனஸ் 230 டிகிரி குளிரில், கட்டளை அனுப்பிச் செய்தார்கள்.

அந்த நட்சத்திரம் எது என்பதையும் சொல்ல வேண்டும். எச்டி 84406, சப்தரிஷி மண்டலம் இருக்கும் பெருங்கரடி விண்மீன் குழுவில் உள்ளது. வெறும் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மயிரிழை மங்கல், அவ்வளவுதான். பைனாகுலர் இருந்தால் போதும். செய்தி வந்த வாரத்திலேயே வானம் தெளிவாக இருந்த ஊர்களில் எல்லாம் ஆட்கள் வெளியே போய் அதைத் தேடிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சாதாரண மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளியை 156 திசைகளில் தேடி, 25 மணி நேரத்தில் 1,560 படங்கள் எடுத்துத்தான் எந்தப் பொட்டு எந்தக் கண்ணாடித் துண்டுடையது என்று கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்த பிறகு, பைனாகுலரைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பயமும் இருந்தது. 1990 மே மாதம் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி தன் முதல் படத்தை எடுத்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஜூன் கடைசியில், பிரதானக் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதிகமாகத் தட்டையாகத் தேய்க்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார்கள். கண்ணாடியின் நடுவும் விளிம்பும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்காது, கோள வழு என்று பாடத்தில் படிக்கும் அதே கோளாறுதான். கையால் கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்யும் அமெச்சூர்கள் பயப்படுவதும் அதற்குத்தான். அதைக் கண்டுபிடிக்கச் சோதனைகளும் அவர்களிடம் உண்டு. ஹபிள் பூமிக்குப் பக்கத்தில் சுற்றியதால் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். வெப் இருக்கும் இடத்துக்கு யாரும் போக முடியாது. எல் 2 என்று சொல்லும் அந்த இடம் நிலாவைப் போல நான்கு மடங்கு தூரம். 2021 டிசம்பர் 25 அன்று ஃபிரெஞ்சு கயானாவில் இருந்து ஏரியான் 5 ராக்கெட் கிளம்பியதில் இருந்து, ஒன்று சொதப்பினாலும் மொத்தமும் வீணாகும் என்கிற இடங்கள் 344 இருந்தன. டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்து அடுக்குச் சூரியக் கவசம் விரிந்து இறுகியது ஜனவரி 4. கண்ணாடியின் இரண்டு இறக்கைகளும் பூட்டிக்கொண்டது ஜனவரி 8. ஒவ்வொரு படியையும் நாங்கள் கணக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிலர் அதற்கும் மேலே போய், தங்கள் தொலைநோக்கியைத் திருப்பி, நட்சத்திரங்களுக்கு நடுவில் மெதுவாக நகரும் மங்கல் புள்ளியாக வெப்பையே படம் எடுத்தார்கள்.

பிறகு குளிர்தல். இதையும் எங்கள் ஆட்கள்தான் பொறுமையாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் இருந்த தொலைநோக்கியை வெளியே கொண்டுவந்த உடனே பார்த்தால் வியாழன் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நடுங்கும். கண்ணாடியின் சூடு அடங்க ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். வெப்புக்கு அது மாதக்கணக்கு. அகச்சிவப்பு என்பதே வெப்பக் கதிர். தொலைநோக்கி சூடாக இருந்தால் அது தன்னையே பார்த்துக் கண் கூசிப்போகும். நடு அகச்சிவப்புக் கருவியான மிரியை 2022 ஏப்ரலில் 7 கெல்வினுக்கும் கீழே, மைனஸ் 266 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள். 'ஏன் இன்னும் படம் வரவில்லை' என்று மற்றவர்கள் கேட்டபோது, 'ஆறட்டும், அப்போதுதான் சரியாக வரும்' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 16 அன்று பதினெட்டும் ஒன்றான படம் வந்தது. நடுவில் ஒரே நட்சத்திரம், ஊசிமுனை போல. நடுவில் இருந்த நட்சத்திரத்தை விட்டுவிட்டு எல்லோரும் பின்னணியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அங்கே சின்னச் சின்னதாக விண்மீன் திரள்கள் சிதறிக் கிடந்தன. வெறும் குவியச் சோதனைக்கு எடுத்த படத்தில்! எனக்கு வெப்பின் உண்மையான முதல் படம் அதுதான்.

சரி, ஜூலைக்கு வருகிறேன். 11ஆம் தேதி அமெரிக்க அதிபர் பைடன் முதல் படத்தை வெளியிட்டார். மறுநாள் மீதி நான்கு. ஐந்தில் மூன்று, நாங்கள் சொந்தத் தொலைநோக்கியில் பார்த்த, அல்லது பார்க்க முயன்ற பொருள்கள். சந்தோஷத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. முன்பின் பார்க்காத அழகான ஒன்றைப் படத்தில் பார்ப்பது ஒரு மாதிரி. பல இரவுகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்த ஒரு மங்கல் பொட்டுக்குள் என்ன இருந்தது என்று ஒருவர் விளக்கைப் போட்டுக் காட்டுவது வேறு மாதிரி.

தெற்கு வளைய நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜிசி என்ற வான்பொருள் பட்டியலில் 3132. பழைய ஆட்கள் எட்டு வெடிப்பு நெபுலா என்பார்கள். பாய்மரம் என்று பொருள்படும் வேலா விண்மீன் குழுவில், சுமார் 2,000 ஒளியாண்டு தூரத்தில், சாகும் தறுவாயில் ஒரு நட்சத்திரம் உதறிய வாயு. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் அது வியாழனின் வட்டை விடக் கொஞ்சம் பெரிய, சாம்பல் நிற நீள்வட்டம். நடுவில் பத்தாவது மேக்னிட்யூட் (பிரகாச அளவு) நட்சத்திரம் ஒன்று பளிச்சென்று இருக்கும். அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், 'இதுதான் இத்தனையையும் ஊதியது' என்று மனசு தானாக நினைத்துக்கொள்ளும். அது தப்பு. ஊதியது பக்கத்திலேயே, இரண்டு வினாடிக் கோணத்துக்கும் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு ஒரு வினாடி) குறைவான இடைவெளியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரொம்ப மங்கலான இன்னொன்று. இது வானியலாளர்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும். என்னைப் போன்றவர்கள் கண்ணால் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. வெப்பின் மிரி படத்தில் இரண்டும் தனித்தனியாக நின்றன. செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் சிவப்பாக, தன்னைச் சுற்றித் தூசியைப் போர்த்திக்கொண்டு இருந்தது. அந்தத் தூசிப் போர்வை அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த இரவு நான் என் பழைய நோட்டை எடுத்து, பல வருடங்களுக்கு முன் பென்சிலில் வரைந்த நீள்வட்டத்துக்குள், நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் புள்ளி வைத்தேன்.

கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆய்வு ஒன்று, வாயு ஓடுகளின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் அங்கே குறைந்தது இன்னும் இரண்டு நட்சத்திரங்கள் இருந்திருக்க வேண்டும் என்று காட்டியது. இறந்த நட்சத்திரம் சூரியனைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையோடு இருந்ததாகவும் கணக்கிட்டார்கள். இன்னொன்று: படத்தின் இடது மேல் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. நெபுலாவின் இழை என்று நினைக்கத் தோன்றும். அது பின்னால் எங்கோ தூரத்தில் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் ஒரு முழு விண்மீன் திரள்.

கரினா நெபுலாவின் ஓரத்தில் இருக்கும் என்ஜிசி 3324 தான் எல்லோர் கைபேசித் திரையிலும் ஏறிய படம். செம்மண் மலை போல, மேலே நீல வானம் போல. அந்த 'மலை'யின் உயரமான சிகரம் சுமார் 7 ஒளியாண்டு. மேலே சட்டகத்துக்கு வெளியே இருக்கும் இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் அந்த வாயுச் சுவரை அரித்துக்கொண்டே வருகிறது. ஆவி போல மேலெழுவது உண்மையிலேயே சூடாகிக் கிளம்பும் வாயுவும் தூசியும்தான். தெற்கு வானம் தெரிகிற ஊர்களில் கரினா நெபுலாவை வெறும் கண்ணாலேயே ஒரு வெள்ளைத் திட்டாகப் பார்க்கலாம். சின்னத் தொலைநோக்கியில் அந்த வாயுச் சுவரின் விளிம்புகூட லேசாகத் தட்டுப்படும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தூசி கண்ணொளியைத் தடுத்துவிடும். அகச்சிவப்பு அதில் ஊடுருவி வரும். அதுவரை மறைந்திருந்த நூற்றுக்கணக்கான நட்சத்திரங்கள் அந்த ஒரே படத்தில் வெளியே வந்தன. சில இன்னும் முழுசாகப் பிறக்கவே இல்லை, இரண்டு பக்கமும் வாயுவைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன.

மூன்றாவதான ஸ்டெஃபான் ஐவர் என்ற விண்மீன் திரள் கூட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பைடன் வெளியிட்ட ஆழ்புலப் படம், அதாவது வானத்தின் ஒரு சின்ன இடத்தை நெடுநேரம் பார்த்து எடுத்தது, எங்களுக்கு எட்டாத தூரம்தான். ஸ்மாக்ஸ் 0723 என்ற விண்மீன் திரள் கொத்து, 460 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளி. கையை நீட்டிப் பிடித்த ஒரு மணல் துகள் மறைக்கும் அளவு வானம். முழு நிலாவின் குறுக்கே அப்படிப் பதின்மூன்று சட்டகங்கள் வைக்கலாம். அதற்குள் ஆயிரக்கணக்கான விண்மீன் திரள்கள். முன்னால் இருக்கும் கொத்தின் ஈர்ப்பு வில்லையாக வேலை செய்து, பின்னால் இருப்பவற்றை வளைத்து, நீட்டி, சிலதை இரண்டு மூன்று முறை காட்டுகிறது. எக்ஸ்போஷர், அதாவது கேமரா ஒளி வாங்கிய நேரம், 12.5 மணி. படம் எடுக்கும் அமெச்சூர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார்கள். மூன்று நான்கு இரவு சேர்த்து ஒரே பொருளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எடுப்பது நாங்களும் செய்கிற காரியம். எங்களுக்கு அதில் ஒரு நெபுலாவின் மங்கல் ஓரம் கிடைக்கும். அதே நேரத்தில் வெப்புக்கு 1,310 கோடி ஆண்டு பழைய ஒளி கிடைத்தது, அதன் இன்னொரு கருவி அந்த ஒளியை நிறமாலையாகவும் பிரித்தது. 1995 டிசம்பரில் ஹபிளை இயக்கும் அறிவியல் நிலையத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் ஹபிளை ஒன்றுமில்லாத இடத்தை நோக்கிப் பத்து நாள் திருப்பி வைத்தார், 342 எக்ஸ்போஷர். அந்தத் துணிச்சலில் இருந்து வந்த வழி இது.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது ஒரு ஓரத்தில் இருக்கிறது. வில்லையால் நீண்டுபோன ஒரு விண்மீன் திரளைச் சுற்றிப் பொடிப் பொடியாக மஞ்சள்-சிவப்புப் புள்ளிகள். கனடா குழு ஒன்று சில வாரங்களில் அதைக் கவனித்து, 'மத்தாப்பு' என்று பொருள்படும் ஸ்பார்க்ளர் என்ற பேர் வைத்தது. அந்தப் புள்ளிகளில் சில கோளக் கொத்துகளாக, அதாவது லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டங்களாக, இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். கோளக் கொத்து எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. ஒமேகா சென்டாரியையும் எம் 13ஐயும் புதிதாக வரும் எல்லோருக்கும் முதலில் காட்டுவோம். அதே வகைக் கொத்து 900 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இளமையாக இருந்தபோது எப்படி இருந்தது என்று ஒருவர் காட்டினால் எப்படி இருக்கும்?

ஐந்தாவது, படமே இல்லை. வாஸ்ப்-96பி என்ற புறக்கோளின் (வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளின்) காற்றுமண்டலத்தில் நீராவி இருப்பதைக் காட்டிய ஒரு வரைபடம். பலர் தாண்டிப் போனார்கள். அமெச்சூர்களிலேயே ஒரு கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் குதித்தது. நட்சத்திரத்தின் முன்னால் கோள் கடக்கும்போது ஒளி நூற்றில் ஒரு பங்கு குறைவதைச் சின்னத் தொலைநோக்கியும் நல்ல கேமராவும் வைத்தே அளக்க முடியும். நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் என்ற திட்டமே அப்படி அளந்து அனுப்புகிறவர்களுக்காக இருக்கிறது. கோள் அடுத்து எந்த நிமிடத்தில் கடக்கும் என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் பெரிய தொலைநோக்கியின் நேரம் வீணாகாது. அந்தக் கணக்கைப் புதுப்பித்துக் கொடுப்பதில் அவர்கள் பங்கு உண்டு.

இப்போது நிறம். இதை ஏமாற்று என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வராது.

வெப்பின் கேமரா ஒரு ஃபில்டர் வழியாக ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் எடுக்கிறது. அப்புறம் வேறு ஃபில்டர், வேறு படம். கரினா படத்துக்கு ஆறு ஃபில்டர்கள். மிகக் குறைந்த அலைநீளம் 0.9 மைக்ரான், அதற்கு நீலம். மிக அதிகமானவை 4.4, 4.7 மைக்ரான். அதற்குச் சிவப்பும் அதன் பக்கத்து நிறங்களும். பொதுவான வரிசை இதுதான்: குட்டை அலைக்கு நீலம், நீண்ட அலைக்குச் சிவப்பு, வானவில்லில் இருப்பதுபோலவே. ஒரு பாட்டை நம் காதுக்குக் கேட்கிற சுருதிக்கு இறக்கிப் பாடுவது மாதிரி. ஸ்வரங்களுக்கு இடையே உள்ள உறவு அப்படியே இருக்கும். 1.87 மைக்ரானில் ஹைட்ரஜன் இருக்கும் இடம் தெரியும். 3.35இல் கார்பன் சேர்மங்கள். 4.7இல் ஹைட்ரஜன் மூலக்கூறு, அதாவது பிறக்கும் நட்சத்திரம் பீய்ச்சும் வாயு. நிறத்தைப் பார்த்தே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கலாம். விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிலையத்தில் ஜோ டிபாஸ்குவேல், அலிசா பேகன் இருவரும் முதல் படங்களுக்காக இந்த வேலையைச் செய்தார்கள்.

அமெச்சூர் படக்காரர்களுக்கு இது தினசரி வேலை. கந்தக ஃபில்டரைச் சிவப்புக்கும், ஹைட்ரஜனைப் பச்சைக்கும், ஆக்ஸிஜனை நீலத்துக்கும் வைப்பதை ஹபிள் பேலட் என்று சொல்லிப் பல வருடங்களாகச் செய்துவருகிறார்கள். கேமராவில் இருந்து வரும் கோப்பைத் திறந்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். ஓரிரண்டு நட்சத்திரம் மட்டும் தெரியும். தகவல் எல்லாம் இருட்டின் அடியில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். அதை மெதுவாக மேலே இழுப்பதற்கு ஸ்ட்ரெட்ச் என்று பேர். வெப்பின் கோப்பும் அப்படித்தான் இருக்கிறது. இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்தக் கோப்புகள் எல்லோருக்கும் இலவசம். மாஸ்ட் என்ற காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சில ஆய்வுகளின் தரவு முதலில் அதைக் கேட்டு வாங்கியவர்களுக்கென்று ஒரு வருடம்வரை பூட்டியிருக்கும். முதல் படங்களின் தரவு உடனே திறந்துவிடப்பட்டது. முதல் வாரத்திலேயே உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் கணினியில் கரினாவைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெட்ச் கொஞ்சம் கொஞ்சமாக ஏற, கறுப்புத் திரையில் அந்தச் சிகரம் எழுந்து வருவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நிறமே போலி என்று நினைக்கிற யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு மாலை உட்கார்ந்து நீங்களே ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

இதில் ஒருவரின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 ஆகஸ்ட் 22 அன்று நாசா வெளியிட்ட வெப்பின் வியாழன் படம், துருவ ஒளியும் மெல்லிய வளையமும் குட்டி நிலாக்களும் தெரியும் அந்தப் படம், ஜூடி ஷ்மிட் என்ற கலிஃபோர்னியாப் பெண்மணி பதப்படுத்தியது. வானியலில் அவருக்கு முறையான படிப்பு கிடையாது. 2012இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஹபிள் தரவை வைத்து நடத்திய போட்டியில் மூன்றாவதாக வந்து, அன்றிலிருந்து ஆர்வத்தில் செய்துகொண்டிருந்தவர். வியாழன் பத்து மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஒரு ஃபில்டரில் இருந்து அடுத்த ஃபில்டருக்குப் போவதற்குள் மேகப் பட்டைகள் நகர்ந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது. அந்தச் சுழற்சியைக் கணக்கிட்டுத் திருப்பிச் சேர்ப்பது கோள்களைப் படம் எடுக்கும் அமெச்சூர்களுக்குப் பழக்கமான சிக்கல்.

நட்சத்திரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அழகுக்காகப் போட்டது இல்லை. ஒளி ஒரு விளிம்பைத் தாண்டும்போது சிதறுவதால் வருவது, பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது. நியூட்டோனியனில் இரண்டாவது கண்ணாடியைத் தாங்கும் நான்கு கைகளால் நான்கு கோடு வரும். ஹபிளிலும் அதே நான்கு. வெப்பில் அறுகோணத் துண்டுகளின் விளிம்பால் ஆறு பெரிய கோடுகள். முன்னால் இருக்கும் மூன்று தாங்கு கால்களில் இரண்டின் கோடுகள் அந்த ஆறில் நான்கோடு சேர்ந்துவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது காலால் மட்டும் இரண்டு சின்னப் படுக்கைக் கோடுகள் தனியாகத் தெரியும். ஆக எட்டு. இதை வைத்துப் படத்தைப் படிக்கவும் செய்யலாம். ஆழ்புலப் படத்தில் எட்டுக் கோடு தெரிவது எதுவோ அது நம் பால்வீதியைச் சேர்ந்த முன்னணி நட்சத்திரம். கோடில்லாத மற்ற எல்லாம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஏறக்குறைய விண்மீன் திரள். அபூர்வமாக ஒரு விண்மீன் திரளின் நடுவிலேயே கோடு தெரிந்தால், அங்கே புள்ளி போன்ற இடத்தில் இருந்து பயங்கரமான வெளிச்சம் வருகிறது, பெரும்பாலும் இரை தின்னும் கருந்துளை, என்று அர்த்தம்.

இனி சின்னத் தொலைநோக்கிக்கு என்ன வேலை? வெப்பின் கண்ணாடி என்னுடையதை விட ஏறக்குறைய 800 மடங்கு ஒளி சேகரிக்கிறது, போட்டியே கிடையாது. ஆனால் அது எந்த ஒரு நாளிலும் வானத்தில் நூற்றில் நாற்பது பங்கைத்தான் பார்க்க முடியும். கவசத்தின் நிழலை விட்டு வெளியே வரக் கூடாது என்பதால் வெள்ளியையும் புதனையும் அது ஒருபோதும் பார்க்காது. அதைவிட முக்கியம், ஒரு நேரத்தில் ஒரு மணல் துகள் அளவைத்தான் பார்க்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். 2009 ஜூலை 19 இரவில் ஆஸ்திரேலிய அமெச்சூர் அந்தோணி வெஸ்லி தன் பதினான்கரை அங்குலத் தொலைநோக்கியில் வியாழனின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புதுத் தழும்பைப் பார்த்தார். ஏதோ ஒன்று வந்து மோதியிருந்தது. நான்கே நாளில், இன்னும் பழுதுபார்ப்புச் சோதனையில் இருந்த ஹபிளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 2023 மே 19 அன்று எம் 101 விண்மீன் திரளில் வெடித்த சூப்பர்நோவாவை முதலில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கோயிச்சி இடகாகி, அவரும் அமெச்சூர்தான்.

சரி, ஸ்டெஃபான் ஐவர். 1877இல் எடுவார் ஸ்டெஃபான் மார்செய் ஆய்வகத்தில் இருந்து பெகாசஸ் விண்மீன் குழுவில் கண்டுபிடித்த ஐந்து விண்மீன் திரள்கள். நெருக்கியடித்து நிற்கும். 1961இல் வானியலாளர்களான பர்பிட்ஜ் தம்பதி அளந்தபோது ஒன்றின் செம்பெயர்ச்சி மட்டும் (விலகிப் போகும் திரளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு, அதை வைத்துத்தான் தூரம் கணக்கிடுவார்கள்) மற்றவற்றோடு ஒத்துப்போகவே இல்லை. என்ஜிசி 7320 என்ற அது 4 கோடி ஒளியாண்டில் இருக்கிறது, மற்ற நான்கும் 29 கோடியில். செம்பெயர்ச்சியே தூரத்தைக் காட்டுவதில்லை என்று வாதாட ஹால்டன் ஆர்ப் போன்ற வானியலாளர்கள் இந்த ஐவரை வருடக்கணக்காகக் கையில் எடுத்தார்கள். வெப்பின் படம் கிட்டத்தட்ட ஆயிரம் கோப்புகளை ஒட்டி, 15 கோடி பிக்சலில் செய்தது. அதில் 7320இன் உள்ளே தனித்தனி நட்சத்திரங்கள் மணல் மாதிரித் தெரிகின்றன. மற்ற நான்கில் அப்படி இல்லை. எது பக்கத்தில், எது தூரத்தில் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். நான்கில் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து மோதும் அதிர்ச்சி அலை நடு அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு நிற்கிறது. மேலே இருக்கும் 7319இன் நடுவில், நான் சொன்னேனே, அந்தக் கோடுகள். 2.4 கோடிச் சூரியன் எடையுள்ள கருந்துளை அங்கே தின்றுகொண்டிருக்கிறது.

பார்க்க விரும்பினால், அக்டோபர், நவம்பர் மாலைகளில் பெகாசஸ் உச்சிக்கு வரும். ஈட்டா பெகாசி நட்சத்திரத்தில் இருந்து வடக்கே நான்கு டிகிரி கொஞ்சம் மேலே போனால் என்ஜிசி 7331, நீளவாக்கில் ஒரு விண்மீன் திரள், எட்டு அங்குலத்தில் நன்றாகவே தெரியும். அங்கிருந்து அரை டிகிரி தெற்கே, சற்று மேற்கே. நல்ல இருட்டு வேண்டும், கண் பழக அரை மணி நேரம் வேண்டும். நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். முதலில் ஒரு பனித்திட்டு மாதிரி வந்து வந்து போகும். அது நின்று நிலைத்த பிறகு இரண்டாகப் பிரியும், பொறுமை இருந்தால் மூன்றாக. முதலில் பிடிபடுவது பெரும்பாலும் 7320, பக்கத்தில் இருக்கிற அந்த வெளியாள். மற்றவற்றின் ஒளி கிளம்பியபோது பூமியில் டைனோசரே வந்திருக்கவில்லை. வெப்பின் படத்தை அதற்கு முன்னால் பத்து நிமிடம் நன்றாகப் பார்த்து மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பொட்டு எது என்று தெரியும். தொலைநோக்கிக்கு வந்ததும் கைபேசியை அணைத்துவிடுங்கள், திரை வெளிச்சம் பட்டால் மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.